செல்லாத ஞானஸ்நானம்

ஆயர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். முதல் முறை கண்ணாடியோடு, இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு. அத்தனை நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. முத்தாபுதுப்பேட்டை ஜெபவீட்டின் ரப்பர் ஸ்டாம்பு, பாஸ்டர் ஜெயராமனின் கோணல் கையெழுத்து, நடுவில் ஒரே வாக்கியம். ஆறுமுகம் மகள் கவிப்பிரியா அயனம்பாக்கம் ஏரியில் இயேசு கிறிஸ்துவின் பெயரில் ஞானஸ்நானம் பெற்றாள்.

"இயேசு கிறிஸ்து பேர்ல மட்டுமாம்மா?"

"ஆமா ஐயா."

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லலையா, தண்ணியில முக்கும்போது?"

கவிப்பிரியா யோசித்துப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காலை. மூக்குக்குள் தண்ணீர் ஏறியதும் காலடியில் சேறு வழுக்கியதும் ஞாபகம் இருந்தது. சொன்ன வார்த்தையில் சந்தேகமே இல்லை. "எங்க சபையில அப்படிச் சொல்ல மாட்டாங்க ஐயா."

ஆயர் அந்தத் தாளை மடித்தார். மேசைமேல் இருந்த மாப்பிள்ளை கிஷோரின் சான்றிதழோடு சேர்க்காமல் தனியாக வைத்தார். "அப்ப இது செல்லாதும்மா" என்றார். அவர் குரலில் கோபமோ இளக்காரமோ இல்லை. இருந்திருந்தால் கவிப்பிரியாவுக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பாள்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். கிஷோர் வீட்டார் போகிற அம்பத்தூர் கல்கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை சொல்லக் காரணம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். ஞானஸ்நானம் பெறாதவர் பேரை அதில் வாசிக்க மாட்டார்கள். முதல் ஓலை வருகிற ஞாயிறு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று.

"பெரிய விஷயம் இல்லம்மா. வியாழக்கிழமை வாங்க, உபதேசம் சொல்லிக்குடுக்கறேன். சனிக்கிழமை சாயந்திரம் ஞானஸ்நானம். பத்து நிமிஷம்."

"திரும்பவுமா ஐயா?"

"திரும்ப இல்லம்மா. இதுதான் முதல்."

வெளியே வேப்பமரத்தடியில் கிஷோர் பைக்மேல் உட்கார்ந்திருந்தான். தகப்பன் தாத்தா என்று நாலு தலைமுறையாகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவன் அப்பாதான் வேலைக்கு வந்து அம்பத்தூரில் பிளாட் வாங்கியவர். நல்லவன்தான். எங்கள் வீட்டில் யாரும் சாதி கேட்க மாட்டார்கள் என்று காதல் சொன்ன நாளிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தான். கேட்கவில்லைதான். ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார்கள்.

"தலையில மூணு தடவை தண்ணி ஊத்துவாங்க கவி. அவ்ளோதான். ஆதார்ல அட்ரஸ் மாத்தற மாதிரி நெனச்சுக்கோ."

"ஆதார்ல அட்ரஸ் மாத்தினா, பழைய வீட்டுல நான் குடியிருக்கவே இல்லன்னு எழுதிக் கேக்க மாட்டாங்க."

"உனக்கே இதுலல்லாம் பெரிசா நம்பிக்கை இல்லையே."

"எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கு இருந்துச்சு."

ரிஜிஸ்டர் ஆபீஸ் போகலாமா என்று கேட்டாள். கிஷோர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா சபை கமிட்டில செயலாளர், கவி. எல்லாருக்கும் ஓலை எழுதிக் குடுக்கறதே அவர்தான். அவர் பையனுக்கு ஓலை இல்லன்னா… எங்கம்மா தாங்க மாட்டாங்க."

"எல்லார் வீட்டுலயும் அம்மாதான் தாங்கணும்" என்றாள் கவிப்பிரியா. அவன் அதைத் தன் அம்மாவைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கண்ணம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் கேன்டீன் வேலை முடிந்து வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு சாப்பாட்டுத் தட்டு எடுக்கிற கால். கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை. நகை போடக் கூடாது என்கிற சபையில் சேர்ந்த வருடமே கழற்றிவிட்டாள். இருந்ததும் அரைச் சவரன் தோடு ஒன்றுதான்.

கவிப்பிரியாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நின்றபடியே சொன்னாள்.

"செல்லாதுன்னா? பழைய ஐநூறு ரூபா நோட்டு மாறியா?"

"அப்படித்தான்."

"இன்னாடி இது. ஏரியில முழுசா முக்கி எடுத்தது செல்லாதாம், அவங்க சொம்புத் தண்ணி செல்லுமாமா?"

"தண்ணியில பிரச்சனை இல்லம்மா. பேருல. நம்மாளுங்க இயேசுன்னு ஒரே பேர் சொல்லி முக்கறாங்க. அவங்க பிதா, குமாரன், ஆவின்னு மூணும் சொல்லணும்ங்கறாங்க."

"மூணும் ஒர்த்தருதானே?"

"ஒருத்தருதான். ஆனா மூணு பேராம்."

"உனக்குப் புரியுதா?"

"இல்ல."

கண்ணம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் கவிப்பிரியாவுக்குப் புரியாத காகிதம் எதுவும் இதுவரை வந்ததில்லை. ரேஷன் கார்டு, பி.எஃப். படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் அவள்தான். பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பி.எஸ்.சி. வேதியியல். எஸ்டேட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கேன் தண்ணீரை நாள் முழுக்கச் சோதித்து, இது குடிக்கலாம் இது குடிக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவள்.

"சரி, ஊத்திக்கினா ஊத்திக்கோ. கல்யாணம் நிக்கக் கூடாது" என்றாள் கண்ணம்மா. துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். ஒரு காலைத் துடைத்து முடித்தவள் மறு காலைத் துடைக்கவில்லை.

"அப்ப உங்கப்பாரு?"

கவிப்பிரியாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கல்கோயிலில் இருந்து வீடு வரும்வரை வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

ஆறுமுகம் வெல்டர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு நாலு வருடம் இருந்தார். சொந்தக்காரர்கள் முதல் வருடம் வந்தார்கள். இரண்டாம் வருடம் போன் செய்தார்கள். மூன்றாம் வருடம் ஜெயராமன் மட்டும்தான் வந்தார். அப்போது அவர் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு சாயந்திரம் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவார், இரண்டு முறை ரத்தமும் கொடுத்தார். மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறுமுகம்தான் கேட்டார். ஊசி குத்துகிற கையில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டார்கள். ஏரிக்குள் இடுப்பளவு ஆழத்தில் கவிப்பிரியாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முதலில் அவள், அடுத்து அவர். தண்ணீரில் இருந்து எழுந்தவர் சிரித்த சிரிப்பு அவர் முகத்தில் அதற்கு முன்பு வந்ததில்லை. எட்டு மாதத்தில் போய்விட்டார். போவதில் பயம் இல்லை என்று கண்ணம்மாவிடம் சொல்லியிருந்தார். கண்ணம்மா இந்த எட்டு வருடமும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தட்டு எடுத்தாள்.

"நான் கேக்கறது காதுல உழுதா? உன்னுது செல்லாதுன்னா அவருதும் செல்லாது. அப்ப அவரு எங்க கீறாரு?"

"அவங்க சொல்றதுல்லாம் வேதவாக்கா? விடும்மா."

"அப்ப நீ ஏன் ஊத்திக்கப் போற?"

கவிப்பிரியா உள்ளே போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் பாஸ்டர் ஜெயராமன் அவரே வந்தார். கண்ணம்மா போன் செய்திருந்தாள். ஜெபவீடு இப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அறுபது நாற்காலியும் கொண்டது. ஆனாலும் அவர் கையில் ஆட்டோ ஆக்சிலேட்டர் பிடித்த காய்ப்பு போகவில்லை.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். இன்னாம்மா கவி, நாம முக்கினது செல்லாதுன்றாங்களாமே."

"ஆமா பாஸ்டர்."

"அவங்களுக்குக் கடவுள் மூணு பேரு. கேட்டா இல்லம்பாங்க. தோ பாரு, நான் எங்கம்மாவுக்குப் புள்ள. என் பொண்ணுக்கு அப்பன். எம்பொண்டாட்டிக்குப் புருஷன். மூணு பேரா நான்? ஆள் ஒர்த்தன். அதே மாறி பிதாவா படைச்சாரு, குமாரனா வந்து செத்தாரு, ஆவியா இப்ப நம்மகூட கீறாரு. ஆள் ஒர்த்தரு, பேரு இயேசு. இதுல குழப்பிக்க இன்னா கீது?"

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. ஒரு பிள்ளைக்குக்கூடப் புரியும். அதனாலேயே கவிப்பிரியாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, ஆனால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. இந்த மனிதன் அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர்.

"நான் போய் எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க பாஸ்டர்?"

ஜெயராமன் கண்ணாடி டம்ளரில் டீயைச் சுற்றினார். "தடுக்க மாட்டேம்மா. உன் வாழ்க்கை. ஆனா கல்யாணத்துக்கு என்னால வர முடியாது. நான் குடுத்த நாமம் பொய்னு சொல்லிட்டு நடக்கற கல்யாணத்துல நான் எப்பிடி ஒக்காந்து பிரியாணி துன்றது, நீயே சொல்லு. சபைக்காரங்களையும் வர வேணாம்னுதான் சொல்லுவேன்."

சபை என்றால் கண்ணம்மாவுக்கு ஊர், உறவு எல்லாம். பெண் வீட்டுப் பக்கம் உட்காருவதற்கு அந்த அறுபது நாற்காலி ஆட்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. கண்ணம்மா டீ டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவர் போன பிறகு, "வியாழக்கிழமை நானும் வரேன்" என்றாள். "அந்தக் கல்கோயில் ஐயரையே கேக்கறேன்."

வியாழக்கிழமை சாயந்திரம் கல்கோயிலின் பக்கத்து அறையில், ஞாயிறுப் பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஆயர் வெள்ளைப் பலகையில் மூன்று படம் வரைந்தார். ஒரு கட்டி, ஒரு டம்ளர், ஒரு கெட்டில்.

"ஐஸ், தண்ணி, ஆவி. மூணும் வேற வேற. ஆனா பொருள் ஒண்ணுதான். திரித்துவமும் இது மாதிரிதான்."

கவிப்பிரியா பலகையைப் பார்த்தாள். தண்ணீர் அவள் சோறு. "ஐயா, ஒரு தண்ணி ஐஸா இருக்கும்போது ஆவியா இருக்காது. முதல்ல ஐஸ், அப்புறம் தண்ணி, அப்புறம் ஆவி. ஒண்ணே மூணு வேஷம் போடுது. சரிங்களா?"

"சரி."

"இதைத்தான் எங்க பாஸ்டர் சொல்றாரு."

ஆயர் மார்க்கரை மூடினார்.

"ஒருத்தரே புள்ளையாவும் அப்பனாவும் புருஷனாவும் இருக்கறது மாதிரின்னாரு. அது தப்பான உபதேசம்னுதானே எங்க ஞானஸ்நானம் செல்லாதுன்றீங்க. நீங்க வரைஞ்சதும் அதேதான். ஒரு குறிப்பிட்ட வெப்பத்துல, குறிப்பிட்ட அழுத்தத்துல மூணும் ஒண்ணா இருக்கும், காலேஜ்ல படிச்சிருக்கேன். ஆனா அப்பவும் கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் ஆவி. பங்கு போட்டுக்கும். கடவுளைப் பங்கு போடலாமா?"

"கூடாது."

"அப்ப இந்தப் படம் எதுக்கு?"

அவள் கேட்ட விதம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. ஆயர் சிரித்தார், சந்தோஷமான சிரிப்பு இல்லை. "முப்பது வருஷமா இந்த அறையில இதைத்தான் வரையறோம்மா. எனக்கும் இதேதான் வரைஞ்சு காட்டினாங்க."

"கிஷோர் இதைப் பாத்துத்தான் படிச்சானா?"

"கிஷோர், அவங்கப்பா, எல்லாரும்."

"அப்ப அவங்க மனசுல இருக்கற கடவுளும் எங்க பாஸ்டர் கடவுளும் ஒண்ணுதான். அவங்க ஞானஸ்நானம் மட்டும் எப்படிங்க செல்லும்?"

"புரிஞ்சுகிட்டதுக்குப் பரிசா குடுக்கறது இல்லம்மா ஞானஸ்நானம். கைக்குழந்தைக்கே குடுக்கறோம். எந்தக் கடவுள் பேர்ல குடுத்தோம்ங்கறதுதான் பார்க்கணும்."

"அதாவது, புரியாம சரியாச் சொன்னா செல்லும். புரியாம தப்பாச் சொன்னா செல்லாது."

"அப்படிச் சொன்னா கொடூரமாத்தான் தெரியும்" என்றார் ஆயர். பலகையைத் துணியால் துடைத்தார். கெட்டிலின் மூக்கு மட்டும் அழியாமல் நின்றது. "நான் உள்ளதைச் சொல்லிடறேன். பிதா வேற, குமாரன் வேற, ஆவி வேற. மூணு பேரும் முழுசாக் கடவுள். ஆனா மூணு கடவுள் இல்ல, ஒரே கடவுள். இதுக்கு உலகத்துல உதாரணம் கிடையாது. எதை வரைஞ்சாலும், ஒண்ணு, ஒருத்தரே வேஷம் மாத்தறதா ஆயிடும், இல்லன்னா மூணு சாமியா ஆயிடும். எனக்குப் புரிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதை விட்டுட்டா எங்ககிட்ட வேற எதுவும் மிஞ்சாது."

சரி, நேர்மையான ஆள். நேர்மையான ஆளிடம் கோபப்பட வழியில்லாமல் கவிப்பிரியா பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள்.

கண்ணம்மா, முந்தானையை இழுத்துக்கொண்டு, "ஐயா" என்றாள். "சிலுவையில தொங்கசொல்ல அவரு அப்பாவக் கூப்ட்டாரே. ஏன் என்னை உட்டுட்டன்னு அழுதாரே. அது யாரை?"

"பிதாவைம்மா."

"எங்க பாஸ்டரு சொல்றாப்புல ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னா, அவரே அவரைக் கூப்ட்டுக்கினாரா?"

ஆயர் மெதுவாக நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம்."

"ஒரே ஆளுன்னா அது நடிப்பாப் பூடும்ல."

"ஆமாம்மா."

சண்டை போட வந்தவள் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். ஆயர் சொன்ன மிச்ச உபதேசத்தைக் கவிப்பிரியா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள், பரீட்சைக்கு எழுதுவது மாதிரி.

ஆவடி பஸ்ஸில் சீட்டு கிடைத்தது. கண்ணம்மா ஜன்னல் பக்கம். டன்லப் ஸ்டாப்பில் பஸ் நின்றது.

"அந்த ஐயரு சொல்றதுதான் நெசம் போல கீது" என்றாள்.

"என்னாம்மா சொல்ற?"

"உங்கப்பாரு போன அன்னைக்கு நான் கீழ டீ வாங்கப் போயிருந்தேன். பத்து நிமிசம். திரும்பி வந்தா நர்ஸம்மா சொல்லுது, உம்பேரைச் சொல்லிக் கூப்ட்டுகினே இருந்தாரும்மா, எங்க போனேன்னு. கூப்ட ஆள் இருந்தாரு. கேக்க ஆள் இல்ல." அவள் முகத்தைத் திருப்பவில்லை. "கூப்புடறதுன்னா அந்தாண்ட ஒர்த்தரு ஓணும்டி. இல்லாங்காட்டி அது கூப்புடறதே இல்ல. அவரு சும்மா கூப்ட்டிருக்க மாட்டாரு சிலுவையில. அங்க வேற ஒர்த்தரு இருந்துக்கீறாரு. கேட்டுகினு. உள்ளேயே, ஒரே கடவுளுக்குள்ளயே, கூப்ட ஒர்த்தரு, கேக்க ஒர்த்தரு."

"மூணாவது ஆளு?"

"அது எனக்கு இன்னும் எட்டல."

அரைமணி நேரம் நோட்டில் எழுதியும் கவிப்பிரியாவுக்குள் இறங்காதது, கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த இவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய இடம். ஆனால் கண்ணம்மாவின் முகத்தில் எதையோ கண்டுகொண்டவள் முகம் இல்லை. பர்ஸைத் தொலைத்தவள் முகம் இருந்தது.

"நம்மாளு சொன்னதே சரின்னு இருந்தா, ஐயரு பேச்சை மதிக்காம வந்திருப்பேன். உங்கப்பாரு பத்தரமா கீறாருன்னு கெடந்திருப்பேன். இப்ப ஐயரு சரின்னு ஆயிப்போச்சு. அப்ப அவரு முழுகினது?"

"அம்மா, எந்தக் கடவுளும் ஒரு வெல்டரை இதுக்காக வெளிய நிறுத்த மாட்டாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். இது தெரியாது.

"நான் உன்னை வரச் சொல்லியே இருக்கக் கூடாது."

"நீ எங்க சொன்ன. நானாத்தான் வந்தேன்" என்றாள் கண்ணம்மா. "புரியாமயே இருந்திருக்கலாம்."

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டில் கவிப்பிரியா, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணம்மா தட்டில் இருந்து தலையெடுக்காமல், "உன் கல்யாணம் நின்னுட்டா உங்கப்பாருது செல்லிடுமா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோயிலில் எட்டுப் பேர் இருந்தார்கள். கிஷோர், அவன் அப்பா, அம்மா, அம்மாவின் தங்கை, மணியடிக்கிற கோயில்பிள்ளை, ஆயர், கவிப்பிரியா. எட்டாவதாகக் கடைசி பெஞ்சில் கண்ணம்மா, தங்கள் சபை வழக்கப்படி வெள்ளைப் புடவையில். முன்னால் வந்து உட்காரச் சொல்லிக் கிஷோரின் அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். "இங்கயே இருக்கேம்மா" என்று கண்ணம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கல் தொட்டியில் அரைக்குடம் தண்ணீர். எங்கே பிடித்த தண்ணீர் என்று கவிப்பிரியாவின் புத்தி அந்த நேரத்திலும் யோசித்தது. லேசான மஞ்சள், போர்வெல்லாகத்தான் இருக்கும், இரும்பு அதிகம்.

ஆயர் அங்கி போட்டுக்கொண்டதும் வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டார். முதல் கேள்வி என்ன என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்தக் கல் கட்டடத்துக்குள் அது வேறு மாதிரி கேட்டது.

"நீ இதற்கு முன்பு ஞானஸ்நானம் பெற்றதுண்டா?"

ஒரு வார்த்தை. இரண்டு நாளாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வார்த்தை. உண்டு என்று சொன்னால் நாளை ஓலை இல்லை, கிஷோர் இல்லை. இல்லை என்று சொன்னால், பிளாஸ்டிக் பை மாட்டிய கையோடு சேற்றில் நின்று சிரித்த மனிதன் அங்கே நிற்கவே இல்லை. கிஷோர் அவளைப் பார்த்தான். அவன் அப்பா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் சொல்ல முடியாது. பி.எஸ்.சி. படித்த மூன்று வருடத்தில் எந்தப் பரீட்சையிலும் அவள் பதில் தெரிந்துகொண்டே தப்பாக எழுதியதில்லை.

"இல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஆயர் சொன்ன மாதிரியே பத்து நிமிடத்தில் முடிந்தது. பிதா என்றபோது ஒரு கை, குமாரன் என்றபோது ஒரு கை, பரிசுத்த ஆவி என்றபோது ஒரு கை. தண்ணீர் நெற்றியில் இறங்கிக் காதோரம் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. எதுவும் நடக்கவில்லை. அல்லது நடந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அலுவலக அறையில் பதிவேட்டில் எழுதினார்கள். கிஷோரின் அம்மா அவள் தலையைத் துண்டால் ஒற்றிவிட்டாள். "இனிமே நம்ம பிள்ளை" என்றாள், உண்மையான பிரியத்தோடு. ஆயர் கையெழுத்துப் போடும்போது கண்ணம்மா வாசற்படியில் வந்து நின்றாள். செருப்பை வெளியே விட்டிருந்தாள். மற்ற யாரும் விடவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வாங்கம்மா. கேளுங்க."

"செத்தவங்களுக்கு ஊத்த வழி எதாவது கீதுங்களா?"

கிஷோரின் அப்பா பேனாவைக் கீழே வைத்தார். ஆயருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார்.

"எங்க ஊட்டுக்காரருங்க. இவகூடத்தான் முழுகினாரு. அதே நாளு, அதே தண்ணி. இவளுக்கு இப்ப சரி பண்ணிட்டீங்க. அவருக்குப் பண்ணணும்னா இன்னா பண்ணணும்? போட்டா கொண்டாந்துக்கீறேன்." கைப்பைக்குள் கையை விட்டாள்.

"அம்மா" என்றாள் கவிப்பிரியா.

"அப்படி ஒரு முறை இல்லம்மா" என்றார் ஆயர். "உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் குடுக்க முடியும்."

"வேற யார்னா பண்ணுவாங்களா? பெரிய ஐயருங்க?"

"யாராலயும் முடியாதும்மா." அவர் மேசையைச் சுற்றி முன்னால் வந்தார். "நீங்க கவலைப்படாதீங்க. அவரைக் கடவுளோட இரக்கத்துல விட்டுடுங்க. அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவர் முழு மனசா நம்பினாரு. கடவுள் நம்ம சட்டத்துக்குள்ள அடங்கறவர் இல்ல. அந்த இரக்கம் போதும் அவருக்கு."

கண்ணம்மா அதைக் கவனமாகக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே வாங்கிக்கொள்வது தெரிந்தது.

"அவருக்கு அது போதும்ன்றீங்க."

"போதும்மா."

"அப்ப எம்பொண்ணுக்கு ஏன் போதல?"

சண்டையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் இருந்தால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பாள். மேசைமேல் பதிவேட்டில், கவிப்பிரியா பேருக்கு நேராக, முன்பு ஞானஸ்நானம் பெறாதவர் என்று கிஷோரின் அப்பாவின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மை இன்னும் பளபளத்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் ஆயர்.

கண்ணம்மா தலையாட்டினாள். அவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று நினைத்தவள் மாதிரி, "பரவால்லீங்க ஐயா" என்றாள். போட்டோவை எடுக்காமலே பையின் ஜிப்பை மூடினாள்.

கிஷோர் கவிப்பிரியாவின் தோளைத் தொட்டான். அவள் தள்ளிவிடவில்லை, சாயவும் இல்லை. தலைமுடியில் இருந்து சொட்டிய தண்ணீர் கழுத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். போனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அறைக்குள் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கிஷோரின் அம்மாதான் காகிதத் தட்டு ஒன்றில் கேக்கும் மிக்சரும் வைத்து, "சாப்பிடுங்க சம்பந்தி" என்று நீட்டினாள்.

கண்ணம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. உட்காரச் சொல்கிறார்களா, நின்றுகொண்டே சாப்பிடுவதா என்று புரியாமல், தட்டோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.